வேலை, வீடு, ஓட்டம்: அப்பாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில், ஓடி முடித்துக் கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், நடக்க வந்தவர்கள் நின்று கேட்டவை. கேட்டவர்கள் பலரும் முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட அப்பாக்கள். எழுதுகிறவனும் அந்த வயதுக்காரன்தான், மருத்துவன் அல்ல. மருத்துவரைக் கேட்க வேண்டிய இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

காலையிலிருந்து இரவு வரை ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன். இதில் தனியாக வேறு ஓட வேண்டுமா?

நீங்கள் சொல்லும் ஓட்டத்தில் மனசு மட்டும்தான் ஓடுகிறது. உடம்பு அலுவலக நாற்காலியிலும் வண்டி சீட்டிலும் உட்கார்ந்தே இருக்கிறது. லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஜெர்மி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரே மாதிரி இரட்டை மாடி பஸ், ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வேலை அழுத்தம் இருவருக்கும்தான் இருந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் இன்று டிரைவர் சீட்டில் இருக்கிறோம்.

நீண்ட தூரம் என்றால் எவ்வளவு தூரம்?

முழு மாரத்தான் 42.195 கி.மீ.; அரை மாரத்தான் 21 கி.மீ. சொச்சம். அந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். நிற்காமல் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே சீராக ஓட முடிந்தால், இந்தப் பக்கத்தின் கணக்கில் நீங்கள் நெடுந்தூர ஓட்டக்காரர்தான். ரேஸ் கோர்ஸ் ஒரு சுற்று சுமார் இரண்டரை கி.மீ. வேலைக்குப் போகிற அப்பாவுக்கு வார நாட்களில் இரண்டு சுற்றும், ஞாயிற்றுக்கிழமை நான்கு சுற்றும் தாராளமாகப் போதும்.

உடம்புக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

முதலில் இதயம். அமெரிக்காவின் டெக்சாஸில் 55,137 பேரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. ஓடாதவர்களோடு ஒப்பிட்டால், ஓடுகிறவர்கள் இதய நோயால் இறப்பது 45 சதவீதம் குறைவாக இருந்தது. எந்தக் காரணத்தாலும் இறப்பது 30 சதவீதம் குறைவு. நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், அதுவும் மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் தெரிந்தது. ஆரோக்கியமானவர்கள்தானே ஓடவே வருவார்கள், அதனால் கணக்கு அப்படி வந்திருக்கலாமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். இத்தகைய ஆய்வு எதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் மாரிஸ் காலத்திலிருந்து வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

அடுத்தது சர்க்கரை. நம் ஊர் அப்பாக்களுக்கு இதயத்தைவிட இதுதான் முதலில் கதவைத் தட்டும். சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். ஓடும்போது தொடைத் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இன்சுலின் தயவில்லாமலேயே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம், சில சமயம் மறுநாள் வரை, இன்சுலின் சொல்வதைத் தசைகள் நன்றாகக் கேட்கின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: விளைவு தேய்வதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, ஓய்வில் இருக்கும்போது நாடித் துடிப்பு குறையும். சில மாதங்கள் சீராக ஓடினால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகிவிடுகிறது. அதனால் குறைவாகத் துடித்தாலே போதும். காலையில் படுக்கையைவிட்டு எழுவதற்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களே எண்ணிப் பார்க்கலாம். மாதத்துக்கு ஒருமுறை சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதி வையுங்கள். கைக்கடிகாரச் செயலிகள் காட்டும் ஆயிரம் எண்களைவிட இந்த ஒரு எண் உருப்படியானது.

தொப்பை குறையுமா?

குறையும், ஆனால் நீங்கள் நினைக்கும் வேகத்தில் இல்லை. ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 75 கிலோ எடையுள்ளவர் ஐந்து கி.மீ. ஓடினால் 375 கலோரி. ஓடிவிட்ட தெம்பில் நேராக ஓட்டலுக்குப் போய் ஒரு மசால் தோசை, ஒரு வடை, ஒரு காபி என்று முடித்தால் செலவான அத்தனையும் திரும்ப வந்துவிடும், கொசுறோடு. ஞாயிறு ஓட்டக் கூட்டங்களில் இதுதான் நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடியும் பேன்ட் அளவு மாறாத நண்பர்கள் உண்டு.

தராசைவிட அளவு நாடாவை நம்புங்கள். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல். நம்மவர்களுக்கு எடை அதிகமில்லாதபோதும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேரும் வாகு உண்டு. சீரான ஓட்டம் அந்த உட்கொழுப்பைக் கரைக்க உதவுகிறது. எடை அதே இடத்தில் நின்றிருக்க, பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போவது இதனால்தான்.

எல்லாம் சரி, நேரம் எங்கே இருக்கிறது?

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். ஓடுவதற்கு வாரத்தில் மூன்று மணி நேரம் வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான், இந்தப் பழக்கம் வீட்டுக்கு நல்லதா கெட்டதா என்பது முடிவாகிறது.

சிலர் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். இரவு பன்னிரண்டுக்குப் படுத்து நான்கரைக்கு எழுந்து ஓடுவதைவிட, அன்றைக்குப் பேசாமல் தூங்குவது மேல். தூக்கம் குறைந்தால் பசி கூடும், காயங்கள் ஆறத் தாமதமாகும், மாலையில் பிள்ளைகள் மீது எரிந்து விழுவீர்கள். சிலர் மனைவியின் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் காணாமல் போய், ஒன்பது மணிக்கு வந்து “செம டயர்டு” என்று சோபாவில் விழுகிற அப்பா, தன் பொழுதுபோக்கின் செலவை வீட்டிலுள்ள இன்னொருவர் தலையில் கட்டுகிறார்.

நியாயமாக எடுக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கையில் போனோடு கரையும் நேரம். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தால் ஐந்துக்கு விழிப்பு தானாக வரும். ஐந்தேகாலுக்கு வாசலைத் தாண்டினால், ஆறு மணிக்கு வியர்வையோடு வீட்டில் இருப்பீர்கள். பால் காய்ச்சவும், டிபன் பாக்ஸ் மூடியைத் தேடவும், பள்ளி வேன் வருவதற்குள் சின்னவளுக்குச் சாக்ஸ் மாட்டிவிடவும் ஆள் தயார். முதல் இரண்டு வாரம் சிரமம்தான். பிறகு உடம்பே உங்களை எழுப்பிவிடும்.

இரவுப் பணிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தூங்கி எழுந்து, வேலைக்குக் கிளம்பும் முன் மாலையில் ஓடுவது நல்லது. விடிய விடிய வேலை பார்த்துவிட்டு நேராக ஓடப் போக வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் சாலையில் இறங்குவது ஆபத்து.

மனைவிக்கு இதில் விருப்பமில்லை. என்ன செய்வது?

அவர் மறுப்பது ஓட்டத்தையா, நீங்கள் இல்லாத நேரத்தையா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். நீங்கள் மூன்று காலைகளை எடுத்தால், அவருக்கும் மூன்று காலைகளோ மாலைகளோ முழுதாகக் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் ஓடலாம், தூங்கலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். என்ன செய்கிறார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. எனக்குத் தெரிந்து பல ஆண்டுகளாக விடாமல் ஓடுகிறவர்கள் வீட்டில் இப்படி ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது. பேசாமல் நழுவிப் போகிறவர்கள் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள்.

மெதுவாக ஓடுகிறேன். நடப்பவர்களே முந்திவிடுவார்கள் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறதே?

மெதுவாக ஓடுவதுதான் சரியான முறை. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை, குடும்பஸ்தர். இளவயதில் ஒருநாள் நண்பரோடு ஐந்து மைல் ஓடப் போய், நாக்குத் தள்ளி, இப்படியே போனால் நாற்பதைத் தாண்டும்போது என்ன கதி என்று யோசித்தவர். பல ஆண்டுகள் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி ஓடி, மெதுவான நீண்ட ஓட்டமே எல்லா வேகத்துக்கும் அடித்தளம் என்ற முடிவுக்கு வந்தார். அவர் பயிற்சி கொடுத்த அக்கம்பக்கத்துப் பையன்களில் இருவர், பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளிக்குள், தங்கம் வென்றார்கள். ஸ்னெல் வென்றது 800 மீட்டரில். ஆனால் பயிற்சிக்கு 35 கி.மீ. மலைச் சுற்று ஓடியவர் அவர்.

நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. தொந்தி விழுந்த நடுவயது வியாபாரிகளையும் இதய நோய் வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆக்லாந்தில் மெல்லோட்டத்தைப் பரப்பினார் லிடியார்ட். 1962-ல் அங்கே ஒரு மெல்லோட்டக் கழகம் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், தன்னைவிட மூத்த, இதய நோயிலிருந்து மீண்ட ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். ஊர் திரும்பி ஒரேகனில் அதையே தொடங்கிவைத்தார். இன்று உலகம் முழுக்கப் பூங்காக்களில் ஓடும் அப்பாக்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஆக்லாந்தில் போய் நிற்கும்.

வேகத்தை அளக்க எளிய வழி: ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். வரிக்கு வரி மூச்சு வாங்காமல் வந்தால் வேகம் சரி. திக்கினால், மூச்சு காரணமா கணக்கு காரணமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டி தேய்ந்துவிடும் என்கிறார்களே?

சொல்கிறவர்களில் பெரும்பாலோர் ஓடாதவர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான அலசல் ஒன்று, உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பிலோ முட்டியிலோ மூட்டுத் தேய்மானம் இருந்ததாகச் சொல்கிறது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காக உயிரைக் கொடுத்து ஓடுகிறவர்களில் 13.3. நடுவாந்திரமாக ஓடினால் முட்டிக்கு நல்லது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

முட்டி வலி வரவே வராது என்று சொல்லவில்லை. வருவதன் வழக்கமான காரணம் அவசரம். மூச்சு ஆறு வாரத்தில் பழகிவிடும்; தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். “இன்னும் ஓடலாம் போல இருக்கிறதே” என்று தோன்றும் அந்த இரண்டாவது மாதத்தில்தான் கணுக்காலும் கெண்டைக்காலும் அடிபடுகின்றன. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே தோப்புக்கரணம் போடுங்கள், படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், போடத்தான் வேண்டும்.

ஓடும்போது மாரடைப்பு வந்தவர்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறதே?

இந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது, பெரிதாக்கவும் தேவையில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1.09 கோடி ஓட்டக்காரர்களைக் கணக்கெடுத்ததில், இதயம் நின்றுபோன சம்பவங்கள் 59. அதாவது 1,84,000 பேருக்கு ஒருவர். அந்த 59 பேரில் 51 பேர் ஆண்கள். சராசரி வயது 42. எண்ணிக்கை சிறியது. ஆனால் அந்த ஆளின் வயதும் பாலினமும் நம்முடையவை.

ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கரைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ஓட்டத்தைப் பற்றி எழுதியே புகழ்பெற்றவர். சங்கிலிபோல் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், முப்பத்தைந்து வயதில் ஓடத் தொடங்கி, புகையை விட்டு, எடையைக் குறைத்தார். 1984-ல், 52 வயதில், ஓட்டத்தின்போதே மாரடைப்பால் இறந்தார். “பார்த்தீர்களா” என்று சொல்ல உலகத்துக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் அவருடைய தந்தை 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். பிரேதப் பரிசோதனையில் ஃபிக்ஸின் இதய ரத்தக் குழாய்கள் மோசமாக அடைபட்டிருந்தது தெரிந்தது. ஓட்டம் பல ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்திருக்கலாம். குடும்ப வரலாற்றை அது அழித்துவிடாது.

ஆகவே, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ ஐம்பத்தைந்துக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், உங்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப் பழக்கம் இருந்தால், நாற்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் நின்றுவிடுங்கள். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு ஓடவே கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓடலாமா?

பெரும்பாலானவர்கள் ஓடலாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது நடக்கலாம். அளவை மாற்ற வேண்டியிருக்கும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். பாதம் மரத்துப்போயிருந்தால் ஷூவுக்குள் ஏற்படும் கொப்புளம்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் காலைப் புரட்டிப் பாருங்கள்.

எப்படித் தொடங்குவது?

வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம். ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மாறி மாறி. வாரங்கள் போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவீர்கள். பிறகு ஞாயிறு ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடினமான உழைப்பு. மூன்று ஓட்டத்தில் அது வந்துவிடுகிறது.

ஷூ?

ஓட்டத்துக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போய்ப் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சுமார் 600 முதல் 800 கி.மீ.க்குப் பிறகு மாற்றலாம்.

வெயில், மழை, தெருநாய்?

கோவைக்காரர்களுக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பெரிய கொடை. சென்னையில் அந்த வசதி இல்லை. சித்திரையில் அதிகாலை ஐந்து மணிக்கே மெரினாவில் சட்டை பிழியப் பிழிய வியர்க்கும். புழுக்கத்தில் வியர்வை உலராததால் உடம்பு குளிர்வதில்லை. அந்த மாதங்களில் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் ஆகும். தாகத்துக்குத் தண்ணீர், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உப்புப் போட்ட நீர்மோர். லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

தெருநாயிடம் ஓட்டப் பந்தயம் வேண்டாம். துரத்தினால் ஓடாமல் நில்லுங்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டாமல் மெல்ல விலகுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்.

பிள்ளைகளுக்கு இதனால் என்ன லாபம்?

அறிவுரையைக் கேட்காத பிள்ளைகள் அப்பா செய்வதைக் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதற்காக ஏழு வயதுப் பையனைப் பத்து கி.மீ. இழுத்துப் போகாதீர்கள். ஞாயிறன்று கடைசிச் சுற்றுக்கு அவனை வரச் சொல்லுங்கள். அவன் நூறு மீட்டர் பாய்ந்து, நின்று, ஒரு மரவட்டையைக் கவனித்து, மறுபடி பாய்வான். நீங்கள் அவன் வேகத்துக்கு நின்று நின்று போங்கள். வளரும் பெண்ணோ பையனோ கூட வந்தால் இன்னொரு வசதி உண்டு: முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் ஓடும்போது, சாப்பாட்டு மேசையில் வராத பேச்செல்லாம் வரும். எதையும் துருவிக் கேட்காதீர்கள்.

மாரத்தான் ஓடியே ஆக வேண்டுமா?

தேவையில்லை. முழு மாரத்தான் பயிற்சி நான்கு மாதத்து ஞாயிறுகளை விழுங்கும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அது அதிகம் என்பது என் கருத்து. பத்து கி.மீ. பந்தயம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013 முதல் நடக்கும் கோவை மாரத்தானில் ஐந்து, பத்து கி.மீ. பிரிவுகளும் உண்டு, குடும்பத்தோடு போகலாம்.

நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. இனிமேலா?

பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங், மகனை விபத்தில் பறிகொடுத்த துக்கத்தில் எண்பது வயதுக்கு மேல் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2000-ல் லண்டன் மாரத்தானை ஓடியபோது, பாஸ்போர்ட் கணக்குப்படி அவருக்கு 89. 2011-ல் டொரொன்டோவில் நூறு வயதில் ஓடி முடித்தார். நீங்கள் அவரைவிட முப்பது ஆண்டுக்கும் மேல் முன்னால் தொடங்குகிறீர்கள்.

காய்ச்சல், பிள்ளைகளின் தேர்வு, ஊர்த் திருவிழா என்று மூன்று வாரம் விட்டுப்போயிற்று. முதலிலிருந்தா?

இல்லை. விட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து. முன்பு அரை மணி நேரம் ஓடியிருந்தால் இப்போது பதினைந்து, இருபது நிமிடம், நடுவில் நடையோடு. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். டெங்கு, சிக்குன்குனியா போன்றவை வந்திருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை நடை மட்டும். விட்டுப்போன ஓட்டங்களையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்த்து ஓடாதீர்கள்.